பிரிக்காத பொட்டலம்

என் வலது மணிக்கட்டை யாராவது எதிர்பாராமல் பிடித்தால் இன்றைக்கும் எனக்கு அரளிப்பூவும் ஈர வாழையிலையும்தான் நினைவுக்கு வருகின்றன. வளையல் போட்டுவிடக் கடைக்காரம்மா பிடித்தால்கூட ஒரு கணம் கையை இழுத்துக்கொள்வேன். அந்தப் பிடி என் அக்காவுடையது. உடன்பிறந்தவள் அல்ல, பெரியப்பா மகள். திண்டுக்கல் பக்கத்து ஊரான எரியோட்டுக்கு அப்பால் மானாவாரிக் காட்டுக்கு நடுவே ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அந்தக் கோயில் கிணற்றடியில், என் கையிலிருந்த சிறிய பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்கப் போனேன். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பிரிக்காத அப்பு. அப்படியே போட்ரு" என்றாள். அவள் உள்ளங்கை காய்ச்சல்காரர் கைபோலச் சுட்டது. போட்டேன். கீழே தண்ணீரில் 'களக்' என்று விழுந்தது. அதற்கப்புறம்தான் பிடியை விட்டாள்.

அந்தக் கோயிலில் பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு காரியத்தைச் செய்யலாமா, இதுவா அதுவா என்று மனசு தடுமாறினால் அங்கே போவார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. வாழைநாரால் ஒரே மாதிரி முடிந்து அம்மன் காலடியில் போட்டு, பூசாரி தீபம் காட்டியதும், விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பொட்டலத்தைப் பிரித்து நிறம் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். மற்றதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆத்தாவைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்பார்கள். அதை அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். கிணறு வெட்ட, பெண் கொடுக்க, பங்காளிச் சண்டையில் கோர்ட்டுக்குப் போக என்று எதற்கெல்லாமோ அங்கே பூக் கேட்டிருக்கிறார்கள். கணக்கில் எம்.எஸ்ஸி. படிப்பதா, புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படிப்பதா என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பம்தான்.

பெரியப்பாவுக்கு ஆத்தூர்ப் பக்கம் பூந்தோட்டம். மல்லிகையும் அரளியும் போட்டிருந்தார். விடியலில் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். அக்கா எங்கள் வீட்டில் தங்கித்தான் டவுன் காலேஜில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தாள். அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் அவளை எல்லோரும் கேலி செய்வோம். "இன்னைக்கு மழை வருமாடி?" என்று அம்மா கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, "பத்துக்கு மூணு பங்கு வரலாம் சித்தி" என்பாள். "வரும்னு சொல்லு, இல்ல வராதுன்னு சொல்லு. வத்தலைக் காயப் போடவா வேணாமா?" என்று அம்மா கத்துவாள். "பத்துக்கு ஏழு பங்கு போடலாம்" என்று அக்கா சிரிக்காமல் சொல்வாள். அம்மா வத்தலைப் போடவும் மாட்டாள், எடுக்கவும் மாட்டாள், முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு திட்டுவாள்.

புள்ளியியல்மேல் அவளுக்கு எப்படி ஆசை வந்தது என்று எனக்குத் தெரியாது. துணைப்பாடமாக இருந்தது, அதில் விழுந்துவிட்டாள். ஒருமுறை என் அப்பாவிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "கணக்குல சரின்னா சரி, தப்புன்னா தப்பு சித்தப்பா. இதுல எம்புட்டுத் தப்பா இருக்கலாம்னு சொல்லிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு" என்றாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் தலையை ஆட்டினார்.

டிகிரி முடிந்ததும் பேச்சு தொடங்கியது. திண்டுக்கல்லிலேயே எம்.எஸ்ஸி. கணக்குக்கு இடம் இருந்தது. சென்னையில் ஒரு காலேஜில் புள்ளியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்காவின் தாய்மாமா பெரிய வாய்க்காரர். எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பே எழுதினார். "கணக்குப் படிச்சா பி.எட். முடிச்சு டீச்சராப் போகலாம். அது கிடைக்கலைன்னா டியூசன் எடுத்தாவது பொழைச்சுக்கலாம். ஊருக்கு ஊரு பிள்ளைக கணக்குல பெயிலாகிக்கிட்டுத்தான இருக்கு? மத்தது படிச்சா எவனாவது கம்பெனிக்காரன் வேணும்னாதான் வச்சுக்குவான். வேணாம்னா வீட்டுக்கு அனுப்பிருவான். டீச்சர்னா மாப்பிள்ளை தேடி வருவான், இதுக்கு என்னன்னு சொல்லி வரன் பாக்குறது?" என்றார். பேங்க், இன்சூரன்ஸ், மருந்து கம்பெனி எல்லாவற்றிலும் புள்ளியியல் படித்தவர்கள் வேண்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். எந்த வேலை கிடைக்கும் என்றுதான் அவளும் பேசினாளே தவிர, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று பெரியப்பாவைப் பார்த்து ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைகள் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. பெரியப்பா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முரடர் அல்லர். மகளைச் சென்னைக்கு அனுப்பவும் பயம், மறுக்கவும் மனசில்லை. கடைசியில், "பூக் கேட்டுருவோம்" என்றார். அக்கா உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது யாருக்கும் ஆச்சரியமாகத் தோன்றவில்லை.

பூசாரிக்கு அந்தக் கேள்வி பிடிபடவே இல்லை. பெரியப்பா சொல்லிக் கொடுத்த பெயரை வாயில் போட்டு மென்றுவிட்டு, "ஆத்தா, கணக்குன்னா வெள்ளைப் பூக் குடு, அந்த ரெண்டாவது படிப்புன்னா செவப்புப் பூக் குடு" என்று வேண்டினார். பொட்டலத்தை யார் கட்டுவது என்று பேச்சு வந்தபோது பெரியப்பா சொன்னார்: "படிக்கப் போறது அவ. அவளே கட்டட்டும்." தோட்டத்தில் இருந்து அவரே பறித்து வந்த பூக்கள். அக்கா மண்டபத்துக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள், தாவணியில் கையைத் துடைத்தபடி. குழந்தை என்று என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பிரித்தார்கள். சிவப்பு. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. மாமாவைத் திரும்பிப் பார்த்து, "ஆத்தா சொல்லிட்டா. இனிமே ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். மாமாவும் திறக்கவில்லை. மற்றப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். அக்கா கூடவே வந்தாள்.

சென்னையில் படித்து முடித்தாள். மருந்துச் சோதனைக் கணக்குகளைப் பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்த வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன. தீபாவளிக்கு வந்தால் எனக்குச் சுடிதார், பெரியப்பாவுக்கு வேட்டி. பூ மார்க்கெட்டில் பெரியப்பாவைப் பிடிக்க முடியாது. "ஊசி போட்டா காய்ச்சல் நிக்குமா நிக்காதான்னு எம்மகதான் கம்பெனிக்காரனுக்குச் சொல்லுறா" என்று மூட்டை தூக்குபவரிடம்கூடச் சொல்வார். வரன்கள் வந்தன. டீச்சரா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் சென்னையில் தனியாக இருக்கிறாளா என்று கேட்டார்கள், பிறகு வரவில்லை. பெரியப்பா அதற்கும் கவலைப்படவில்லை. ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார்.

பிறகு கம்பெனி அந்த வேலையை வேறெங்கோ மாற்றிக்கொண்டது. அவள் பிரிவில் இருந்த எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். அக்கா அங்கேயே இருந்து வேறு இடங்களில் ஏறி இறங்கினாள். அதற்குள் புதிதாக என்னென்னவோ கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் வந்திருந்தது, அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் அதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தார்கள். கடைசியில் ஊருக்கு வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கு அவளோடு நானும் போயிருக்கிறேன். தாளாளர் மரியாதையாகத்தான் பேசினார். "பி.எஸ்ஸி. கணக்கு, எம்.எஸ்ஸி. வேற பாடம். பி.எட்.டும் இல்ல. பெரிய கிளாஸுக்கு உங்கள எடுத்தா பேரன்ட்ஸ் கேள்வி கேப்பாங்கம்மா. கணக்குலயே எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு வாங்களேன்" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா சிரித்தாள். "எங்க மாமா வாயில சர்க்கரை போடணும்டி" என்றாள். எனக்கு மாமாவை அறைய வேண்டும்போல இருந்தது.

தபால் வழியில் எம்.எஸ்ஸி. கணக்கு, அதற்கப்புறம் பி.எட். என்று முடிவு செய்தாள். வயது இன்னும் இருந்தது, தெம்பும் இருந்தது. பெரியப்பாதான் குறுக்கே நின்றார். கோபமாக அல்ல, பயந்துபோய். "ஆத்தா கைகாட்டுன படிப்பு தாயி அது. அது வேணாம்னு இன்னொண்ணுக்குப் போனா தெய்வக் குத்தமாயிரும். வேலை வரும், பொறு" என்றார். அக்கா மறுத்துப் பேசியபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். இரவு சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அக்கா அந்தப் பேச்சை விட்ட பிறகுதான் சாப்பிட்டார். மகள் வீட்டில் வேலையில்லாமல் இருப்பதை ஊரே பேசியது, அவருக்கு அது உறைக்கவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினார். அவர் நிம்மதியைப் பார்த்து அக்கா இளைத்துப்போனாள். கடைசியில் அவளே கேட்டாள்: "இன்னொரு தடவ பூக் கேப்போம்பா. காலம் மாறியிருக்குல்ல." அவர் வெகுநேரம் யோசித்தார். பூசாரியைக் கேட்டார். கேட்கலாம் என்று பூசாரி சொன்ன பிறகுதான் சம்மதித்தார். "மொதல்ல எடுத்த கையே எடுக்கட்டும்" என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தை இல்லை என்றாலும் கல்யாணமாகாதவள், ஆகட்டும் என்றார்கள். அதே மண்டபம், அதே தோட்டத்து அரளி. அக்காவே பொட்டலம் கட்டினாள். அவளுக்கு எது வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக் கையை நீட்டினேன். பூசாரி பிரித்தார். சிவப்பு. பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "பாத்தியா தாயி, நான் சொல்லல?" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மற்றப் பொட்டலத்தோடு இருவரும் கிணற்றடிக்குப் போனோம். பழைய ஞாபகத்தில் அப்படியே போடப் போனேன். "செத்த நேரம் இரு. இந்தத் தடவ பிரிச்சுப் பாரு" என்றாள் அக்கா. பிரித்தேன். வெள்ளரளி, கசங்காமல் இருந்தது. "அன்னைக்குப் பிரிச்சிருந்தா செவப்புதான் இருந்திருக்கும். ரெண்டுலயும் செவப்புதான் வச்சுக் கட்டுனேன்" என்றாள்.  அவளே மேலும் சொன்னாள். "இன்னைக்கும் ரெண்டுலயும் வெள்ளைய வச்சிருக்கலாம். பூவையும் எடுத்துட்டேன், கை வரல. அவர் அங்கிட்டுக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, வரட்டும்னு விட்டுட்டேன். வரல."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் வகுப்பில் நான் எதையும் எடுக்கவில்லை, எதை எடுத்திருந்தாலும் அதுதான். இப்போதுதான் முதன்முறையாக நிஜமாக எடுத்திருக்கிறேன். அழுதேன். "அடி லூசு, உன் கையில என்ன இருக்கு? எவ எடுத்தாலும் அதே பாதிதான்" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு, அவர் விட்டுவிடுவார் என்றேன். "இம்புட்டு நாளா அவர் தைரியமா இருக்கிறதே அந்த ஒரு பூவை நம்பித்தான்டி. அதையும் நான் புடுங்கவா?" என்றாள். பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "அவர் வேணாம்னு சொல்லவே இல்ல தெரியுமா? நான்தான் கேக்கவே இல்ல. வாயத் தொறந்து கேட்டிருந்தா அனுப்பியிருப்பாரு. அப்ப அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும், நானே மாத்தியிருப்பேன். இப்ப ஆத்தா தலையில போட்டாச்சு" என்றாள். வெள்ளைப் பூவைத் திரும்ப மடித்து அவளே கிணற்றில் போட்டாள். தண்ணீர் ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. சத்தம் தாமதமாக, மெல்லியதாக வந்தது.

ஆறேழு வருடம் கழித்து, பெரியப்பா சிறுநீரகம் கெட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவும் நானும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஒரு மத்தியானம் அக்கா அவர் காதோரம் குனிந்தாள். சொல்லப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உனக்கு நான் ஒண்ணும் சேத்து வைக்கல தாயி. ஆத்தா குடுத்த படிப்பு இருக்கு. அது உன்னக் கைவிடாது" என்றார். அக்கா நிமிர்ந்தாள். "செத்த நேரம் தூங்குங்கப்பா" என்று போர்வையை இழுத்துவிட்டாள். அந்த வாரமே போய்விட்டார்.

அதற்கப்புறம் அவளைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் நாற்பது நெருங்கிவிட்டது, படிக்கத் தெம்பும் இல்லை. இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், தரம் பார்க்கும் அறையில் வேலை செய்கிறாள். நூல் எத்தனை முறை அறுகிறது, எந்த மிஷினில் அறுகிறது என்று கணக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறி மாறி வரும். போனில் பேசினால் பாதி நேரம் இருமல்தான், பஞ்சுத் தூசி. "படிச்சதுதான் சோறு போடுது. எங்க அப்பா சொன்னது பொய்யில்ல" என்பாள். அதைக் கேலியாகச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தோட்டத்தை விற்றாயிற்று. அரளி இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் நாத்தனார். என் கணவரின் தங்கை, இந்த வருடம் பி.எஸ்ஸி. கணக்கு முடித்தாள். காலம் தலைகீழாகிவிட்டது. என் மாமனார் செல்போனில் என்னென்னவோ பார்த்துவிட்டு, "இனிமே உலகமே டேட்டாதான். புள்ளியியல் படிச்சாத்தான் வேலை. வெறுங் கணக்கை எவன் சீந்துறான்?" என்று காலையிலும் மாலையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனாருக்குக் கணக்குதான் உயிர். யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவள் தலையணை அடியில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அப்பா பேசும்போதெல்லாம் அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள். கடைசியில் மாமனாரும் அதே வார்த்தையைச் சொன்னார்: "பூக் கேட்டுருவோம்." 

அக்காவுக்குப் போன் செய்தேன். இருமி முடித்துவிட்டு, "பூவெல்லாம் வேணாம்னு சொல்லு. அவளுக்கு எது வேணுமோ அத அப்பாகிட்ட வாய்விட்டுச் சொல்லச் சொல்லு. வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு எந்தப் படிப்புக்கும் எவனும் உறுதி சொல்ல முடியாது. தப்பாப் போனாலும் அவ தப்பா இருக்கட்டும்" என்றாள். அதை அப்படியே நாத்தனாரிடம் சொன்னேன். அக்காவின் கதையையும் சொன்னேன், சிவப்புப் பூ உட்பட எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டாள். "சரி மதினி" என்றாள். ஆனால் அப்பாவிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லோரும் எரியோட்டுக்குப் போனோம்.

மண்டபத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். பூசாரியின் மகன்தான் இப்போது பூசாரி, அவருக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று சுத்தமாகச் சொல்ல வருகிறது. வெள்ளை என்றால் கணக்கு, சிவப்பு என்றால் புள்ளியியல். "படிக்கப் போறவளே கட்டட்டும்" என்றார் மாமனார். நாத்தனார் மண்டபத்துக்குப் பின்னால் போனாள். வரும்போது துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் மகள் இன்னும் பள்ளிக்கூடமே போகாதவள், கண்ணைப் பொத்திக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. மாமனார் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சொல்லிட்டா. இனிமே ஒருத்தரும் பேசப்படாது" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது.

மற்றப் பொட்டலத்தை நானே வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முடிச்சில் விரலை வைத்தேன். சட்டென்று என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டது.

"பிரிக்காதீங்க மதினி."

"அம்புட்டும் உன்கிட்டச் சொன்னேனேடி. இப்பவே அப்பாகிட்டப் போய்ச் சொல்லிரு. நான் கூட வாரேன்."

"அப்பா தாங்க மாட்டாரு. போட்ருங்க மதினி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விரல்கள் இன்னும் இறுகின.

மண்டபத்திலிருந்து மாமனார் கூப்பிட்டார். "என்னம்மா, போட்டாச்சா?" கை கூப்பியபடியே அம்மனைப் பார்த்து நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், இவளைப் பார்த்தேன். கையை விரித்தேன். பொட்டலம் உள்ளே போயிற்று. பழக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கிணறு வற்றி வருடக்கணக்கு ஆகிறதாம். ஒரு சத்தமும் வரவில்லை.